காணாமல் கொடுக்கும் பரிசில்

புலவர் பெருஞ்சித்திரனார் மலையும் குன்றும் பல கடந்து, தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார். மன்னனுக்கு என்ன அலுவலோ, அவன் புலவரை நேரிற் காணவில்லை. பரிசிலை மட்டும் பிறர் கையிற் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. தம்மைக் காணாமலும், தம் கல்வியின் அளவை அறியாமலும் தரப்படும் பொருளைப் பெறுவதற்குத் தாம் பரிசிலை விற்று வாங்கும் வாணிகர் அல்லர் என்றும், தகுதியறிந்து அன்போடு தருவாராயின் அது தினையளவு சிறிதாயினும் தமக்கு இனியதே என்றும் கூறித் திரும்பினார். இது புறநானூற்றின் 208ஆம் பாடல் தரும் செய்தி.

அதே புலவர், இளவெளிமான் என்பான் தம் தரமறியாது சிறிதளவு கொடுத்தபோதும் அதனைக் கொள்ளவில்லை. குமணனிடம் சென்றார், யானையைப் பரிசிலாகப் பெற்றார், அவ்யானையை இளவெளிமானின் காவல்மரத்திற் கட்டிவிட்டுத் தம் வழியே சென்றார். இதனைக் கூறுவது 162ஆம் பாடல்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் புலவரின் செருக்குக்குச் சான்றாகக் காட்டுவது வகுப்பறை வழக்கம். ஆயினும் ஊன்றி நோக்குவார்க்கு வேறொன்று புலப்படும். பெருஞ்சித்திரனார் பொருளை வெறுத்தவர் அல்லர். மனையாளும் மக்களும் பசியால் வாடும் நிலையை அவரைப் போல் உருக்கமாகப் பாடியவர் சிலரே. பொருள் அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால், அறிதல் முன்னும் கொடுத்தல் பின்னுமாக அவை வரவேண்டும் என்பது அவர் கொள்கை. அறிதலின்றி வரும் கொடை அவரைப் பொறுத்தவரை கொடையாகாது.

எழுத்தாளனுக்கு உரிய மதிப்பையும் ஊதியத்தையும் ஆராய முற்படுவோர்க்கு இதனினும் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது. இவ்வளவுகோலின்படி ஒரு சமுதாயம் தன் எழுத்தாளனை மூவகையாக நடத்தக்கூடும். அறியாது கொடுத்தல் ஒன்று; அறிந்தும் கொடாதிருத்தல் மற்றொன்று; அறிந்து கொடுத்தல் மூன்றாவது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் எழுத்தாளன் இம்மூன்றையும் கண்டிருக்கிறான். எது மிகுதி, எது குறைவு என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அறியாது கொடுத்தல்

மலேசியத் தமிழ் நூல்களுள் பெரும்பாலானவை எழுத்தாளனின் சொந்தச் செலவில் வெளிவருகின்றன. உரிமத்தொகை கொடுத்து நூலை வாங்கி வெளியிடும் தமிழ்ப் பதிப்பகங்கள் மிகச் சில. ஆகவே எழுதியவனே பணம் திரட்டுகிறான், அச்சகத்திற்கு அலைகிறான், மெய்ப்புத் திருத்துகிறான், ஐந்நூறோ ஆயிரமோ படிகள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவற்றைச் செலவழிக்கும் வழி தேடுகிறான். அவ்வழியே நூல் வெளியீட்டு விழா.

அவ்விழாவின் நடைமுறையை அறியாதார் இலர். மண்டபம் எடுக்கப்படும். அழைப்பிதழில் தலைவர், சிறப்பு வருகையாளர், வாழ்த்துரைஞர் எனப் பெயர்கள் நிரம்பியிருக்கும். குத்துவிளக்கு ஏற்றித் தமிழ் வாழ்த்துப் பாடியபின், உரைகள் தொடங்கும். டத்தோ ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு உறை ஒன்றை எழுத்தாளர் கையில் வைப்பார். அவரைத் தொடர்ந்து மற்றவர்கள் வரிசையில் நின்று உறை கொடுத்து நூல் பெறுவர். ஒளிப்படம் எடுக்கப்படும், பொன்னாடை போர்த்தப்படும். நூலைப் பற்றிப் பேச வந்த ஆய்வாளர்க்கோ, சிறப்பு வருகையாளர் வேறொரு நிகழ்ச்சிக்குச் செல்ல வேண்டியிருத்தலால், பத்து நிமிடம் ஒதுக்கப்படும். அப்பத்தும் ஐந்தாகக் குறைவதுண்டு.

இருபது வெள்ளி விலையுள்ள நூலுக்கு ஐம்பதும் நூறும் கொடுப்போர் உளர். அது நூலின் விலையன்று, அன்பின் விலை. திருமண வீட்டில் எழுதும் மொய்க்கும் அதற்கும் வேற்றுமை மிகுதியில்லை. யார் எவ்வளவு கொடுத்தார் என்று வீட்டில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் எழுத்தாளரும் உளர். நாளை அவர் நூல் வெளியிடும்போது இவர் சென்று அதே முறையைச் செய்யவேண்டுமன்றோ?

இவ்வழக்கத்தை இகழ்ந்து பேசுவது நன்றியன்று. இது இல்லாதிருந்தால் மலேசியத் தமிழ் நூல்களுள் பாதிக்குமேல் அச்சேறியே இரா. தமிழ் எழுத்தின்மீது பற்றுக்கொண்டு, தம் உழைப்பின் பயனைப் பகிர்ந்தளித்த வணிகர்களும் தலைவர்களும் நன்றிக்குரியவர்கள். எனினும் ஒரு முறையின் நன்மையை ஒப்புக்கொள்வது அதன் குறைகளைக் காணாதிருப்பதற்குக் காரணமாகாது. அக்குறைகள் நான்கு.

முதலாவது, விழாவில் திரளும் பணத்திற்கும் நூலின் தரத்திற்கும் தொடர்பே இல்லை. நல்ல நாவலுக்கு ஈராயிரமும் சாரமற்ற தொகுப்புக்கு இருபதாயிரமும் திரளலாம். எழுத்தாளனின் உறவும் நட்பும் செல்வாக்குமே அத்தொகையை முடிவுசெய்கின்றன.

இரண்டாவது, கூட்டம் சேர்க்கும் ஆற்றல் இல்லாதவன் நூல் வெளியிட இயலாது போகிறது. தோட்டப்புறத்தில் வாழ்ந்து எழுதியவர்கள், இல்லப் பொறுப்புகளுக்கிடையே எழுதிய பெண்கள், பிறரிடம் சென்று கேட்கக் கூசும் இயல்பினர் ஆகியோரின் படைப்புகள் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்புகளோடு மறைந்துபோயின. நூலாகாத எழுத்து ஆய்வாளன் கைக்கு எட்டுவதில்லை. எனவே இலக்கிய வரலாற்றிலும் அதற்கு இடமில்லை.

மூன்றாவது, திறனாய்வு நலிகிறது. விழா மேடையில் நிற்பவன் குறை கூறமாட்டான். கூறுதல் முறையும் அன்று. மணவறையில் மணமகளின் குறையைப் பேசுவார் உண்டோ? ஆனால், விழாவுக்குப் பின்னரும் எவரும் பேசுவதில்லை. அம்மேடைப் பாராட்டே அந்நூலைப் பற்றிய முதல் மதிப்பீடாகவும் இறுதி மதிப்பீடாகவும் நின்றுவிடுகிறது.

நான்காவது குறை எல்லாவற்றினும் பெரிது. நூலின் வாழ்நாள் அன்றோடு முடிகிறது. முதல் நூலைப் பெற்றவர் அதனை மகிழுந்தின் பின்னிருக்கையில் வைக்கிறார். எஞ்சிய படிகள் எழுத்தாளரின் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டிகளில் உறங்குகின்றன. அதியமான் அனுப்பிய பரிசிலுக்கும் இந்த உறைக்கும் உள்ள ஒற்றுமை இதுவே. இரண்டும் காணாமல் கொடுக்கப்பட்டவை. பெருஞ்சித்திரனாரோ திருப்பிக் கொடுத்தார். அச்சகக் கடன் உள்ளவனால் அது இயலுமோ?

அறிந்தும் கொடாமை

1924ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு சிங்கப்பூரில் இன்றளவும் வெளிவருகிறது. இவ்விரு நாளேடுகளும், பின்னர்த் தோன்றிய ஏனைய ஏடுகளுமே இவ்வட்டாரத் தமிழ்ச் சிறுகதைக்கும் கவிதைக்கும் தொட்டிலாக இருந்தன. ஞாயிறு பதிப்பு இல்லையேல் மலேசியச் சிறுகதை இல்லை என்று கூறினும் மிகையாகாது.

ஆயினும் ஏடுகளில் எழுதியவர்களுள் பெரும்பாலோர்க்கு எழுத்துக்கென ஊதியம் கிடைத்ததில்லை. தம் பெயரை அச்சிற் காண்பதே அவர்கள் பெற்ற கூலி. விற்பனை குறைவு, விளம்பர வருவாய் போதாது, ஏடு நிலைத்தாலன்றோ எழுத்தாளன் நிலைப்பான் என்று ஏட்டாளர் கூறும் விடை பொய்யன்று. எனினும் அதே ஏடு தாள் கொடுத்தவருக்கும், அச்சுக் கோத்தவருக்கும், வீடுதோறும் கொண்டுசென்று போட்டவருக்கும் ஊதியம் கொடுத்தே வந்தது. எழுத்து ஒன்றே விலையின்றிக் கிடைக்கும் பொருளாகக் கருதப்பட்டது.

இந்நிலைக்கு ஏடுகளை மட்டும் குறைகூறுவது நடுவுநிலை ஆகாது. பள்ளிக்கூடத்தைச் சற்றே நோக்குவோம். மாறுவேடப் போட்டிக்கும் கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்கும் உள்ளூர்க் கவிஞரின் பாடலை மாணவன் மனனம் செய்கிறான். அரங்கில் தன் பெயரைச் சொல்கிறான். பள்ளியின் பெயரைச் சொல்கிறான். பயிற்றுவித்த ஆசிரியரின் பெயரையும் சொல்கிறான். பாடியவர் பெயர் மட்டும் விடுபட்டுப் போகிறது. கருத்துணர் கேள்விக்காக ஒரு சிறுகதையின் பகுதி எடுக்கப்படுகிறது; அடியில் ஆசிரியர் பெயர் இல்லை. அவ்வினாத்தாள் படியெடுக்கப்பட்டு ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குச் செல்கிறது. இக்காலத்தில் புலனக் குழுக்களின் வழியே ஒரே நாளில் நாடு முழுதும் பரவுகிறது. சென்று சேரும் இடந்தோறும் அது யாரோ எழுதியதாகிவிடுகிறது.

இதனைச் செய்பவர் எவரும் தீய எண்ணமுடையவர் அல்லர். தமிழ் வளர்க்கும் ஆர்வமே அவர்களை இயக்குகிறது. ஆயினும் ஒரு தலைமுறை மாணவர்கள் இதனால் ஒரு பாடத்தைக் கேளாமலே கற்றுவிடுகின்றனர். எழுத்து என்பது ஒருவன் உழைப்பில் விளைந்தது என்னும் எண்ணமே இன்றி அவர்கள் வளர்கின்றனர். ஆற்று நீர் போலவும் காட்டுப்பூப் போலவும் எழுத்தும் தானே கிடைப்பது என்று கருதுகின்றனர். அம்மாணவனே பின்னர் ஏட்டாசிரியனும் பதிப்பாளனும் பெற்றோனும் ஆகிறான். அவன் எழுத்தாளனுக்குக் கூலி கொடுக்கத் தயங்குவதில் வியப்பென்ன?

தொண்டு என்னும் சொல்

எழுத்தாளனுக்கு ஊதியம் வேண்டும் என்று கூறும்போதெல்லாம் எழும் மறுப்பு ஒன்றுண்டு. தமிழுக்குச் செய்வது தொண்டு. தொண்டுக்குக் கூலி கேட்கலாமா என்பது அது. இம்மறுப்பைக் கூறுவோர் பெரும்பாலும் உண்மையான தமிழன்பர்களே. ஆகவே அதனை எளிதில் தள்ளிவிடல் ஆகாது.

இந்நாட்டில் தமிழ் இலக்கியம் வளர்ந்தது தொண்டினால்தான் என்பது உண்மை. தோட்டத்துக் கிராணிமாரும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும், துறைமுகத்திலும் கடைகளிலும் உழைத்தவர்களும் இரவில் விளக்கின்முன் அமர்ந்து எழுதியதே அவ்விலக்கியம். எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர் அரியர். இத்தொண்டை மறப்பவன் நன்றி மறந்தவனாவான்.

ஆனால், தொண்டு என்பது செய்பவன் தானே மேற்கொள்வது; பிறர் அவன்மீது சுமத்துவது அன்று. ஒருவன் தன் உழைப்பை விரும்பி வழங்கினால் அது தொண்டு. வழங்குமாறு மற்றவர் விதித்தால் அதற்கு வேறு பெயர் உண்டு. நூல் வெளியீட்டு விழாவில் மண்டபத்திற்கு வாடகை உண்டு. ஒலிபெருக்கிக்குக் கட்டணம் உண்டு. மாலை கட்டியவர்க்கும் உணவு சமைத்தவர்க்கும் கூலி உண்டு. அவர்கள் எவரும் தமிழுக்குத் தொண்டு செய்யவில்லை என்று யாரும் கூறுவதில்லை. எழுத்தாளனிடம் மட்டும் தொண்டு என்னும் சொல் நீட்டப்படுகிறது.

சங்கப் புலவர்கள் தமிழுக்குத் தொண்டு செய்யவில்லையா? பதிற்றுப்பத்தின் பதிகங்கள் அவர்கள் பெற்ற பரிசிலைக் கணக்கிட்டுக் கூறுகின்றன. செல்வக் கடுங்கோ வாழியாதன் கபிலருக்கு நூறாயிரம் காணம் கொடுத்ததோடு, நன்றா என்னும் குன்றேறி நின்று கண்ணுக்கெட்டிய நாட்டையும் வழங்கினான் என்பது ஏழாம் பத்தின் பதிகச் செய்தி. நூலைத் தொகுத்தோர் இதனை மறைக்கத்தக்க செய்தியாகக் கருதவில்லை. பாட்டின் அருகிலேயே பரிசிலையும் எழுதிவைத்தனர். பெற்றவர்க்கும் அது இழிவாகவில்லை. கொடுத்தவர்க்கும் அது புகழாயிற்று. தமிழ் மரபில் புலமையும் பொருளும் பகைகள் அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அறிந்து கொடுத்த முயற்சிகள்

இவ்வட்டாரத்தில் அறிந்து கொடுத்தல் அறவே நிகழாமற் போகவில்லை. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நடத்திய கதை வகுப்பை முதலிற் குறிப்பிடவேண்டும். சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினர். கதை எழுதும் முறை அவ்வகுப்பிற் கற்பிக்கப்பட்டது. எழுதியனுப்பிய கதைகள் படிக்கப்பட்டு மதிப்பிடப்பட்டன. அதிற் பயின்றோர் பலர் பின்னாளில் இந்நாட்டின் முன்னோடி எழுத்தாளர்களாக விளங்கினர். அங்கே பணம் கைமாறவில்லை. ஆயினும் ஓர் எழுத்தாளன் முதலில் எதற்காக ஏங்குகிறானோ அது கிடைத்தது. தன் கதையை ஒருவர் முழுதும் படித்து, இஃது நன்று, இஃது தீது என்று எடுத்துரைத்ததே அது.

1972ஆம் ஆண்டில், முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்த காலத்தில், அதே தமிழ் நேசன் பவுன் பரிசுத் திட்டத்தைத் தொடங்கியது. மாதந்தோறும் சிறந்த சிறுகதைக்குத் தங்கப் பவுன் பரிசளிக்கப்பட்டது. பாராட்டுத் தாளையும் பொன்னாடையையும் மட்டுமே கண்டிருந்த எழுத்தாளர்க்குப் பொன்னே பரிசாகக் கிடைத்தது. எழுதாதிருந்தவரும் எழுதினர், எழுதிக்கொண்டிருந்தவர் கூர்ந்து எழுதினர். அறிதலும் கொடுத்தலும் ஒருங்கு நிகழ்ந்தமையே அத்திட்டத்தின் சிறப்பு. ஒருவர் தேர்ந்தெடுத்தார், தேர்ந்தெடுத்ததற்கு மதிப்பாகப் பொருள் வழங்கப்பட்டது.

மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1986 முதல் நடத்திவரும் சிறுகதைப் போட்டியும், பரிசுக்கதைகளை நூலாக்கி வெளியிடும் அதன் பணியும் இவ்வழியில் வந்தவை. டான் ஸ்ரீ கே.ஆர்.சோமா மொழி இலக்கிய அறவாரியத்தின் ஆதரவில் வழங்கப்பெறும் நூற்பரிசுகளும் போற்றத்தக்கவை. வல்லினம் இலக்கியக் குழு 2014இல் நாவலாசிரியர் அ. ரெங்கசாமிக்குத் தன் முதல் விருதை வழங்கியது. தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது 2017இல் சீ. முத்துசாமிக்குக் கிடைத்தபோது, மலேசிய எழுத்து கடல் கடந்தும் படிக்கப்படுகிறது என்னும் நம்பிக்கை பிறந்தது.

இவற்றைப் போற்றும் அதே வேளையில் பரிசின் எல்லையையும் உணர்தல் வேண்டும். பரிசு ஒருவர்க்கே கிடைக்கும். ஏனையோர் வெறுங்கையராய் நிற்பர். பரிசு ஒருமுறையே வரும்; எழுத்தோ ஆண்டுதோறும் நடைபெறவேண்டிய வேலை. மேலும், போட்டிக்கென எழுதுவோர் நாளடைவில் நடுவரின் சுவையை நாடி எழுதத் தலைப்படுகின்றனர். பக்க அளவு, கருப்பொருள், நன்னெறி முடிவு ஆகியவற்றில் ஒரே அச்சில் வார்த்த கதைகள் பெருகுகின்றன. பரிசு பெற்ற கதையை மறுவாரமே மறந்துவிடும் சமுதாயத்தில் பரிசும் காணாமற் கொடுத்த பரிசிலாகவே முடிகிறது.

அரசின் மதிப்பு

மலேசியாவில் இலக்கியத்திற்கு அரசு வழங்கும் உயர்ந்த சிறப்பு தேசிய இலக்கியவாதி விருதாகும். 1981இல் முதன்முதல் அதனைப் பெற்றவர் கெரிஸ் மாஸ். பணமுடிப்போடு, நூல்களைப் பெருமளவில் அச்சிட்டுப் பரப்புதல், அரசு மருத்துவமனையில் இலவச மருத்துவம் ஆகிய உதவிகளும் அவ்விருதோடு இணைந்தவை. எழுத்தாளனுக்கு எவை தேவை என்பதை அறிந்து வகுத்த திட்டம் இது எனலாம். விருது பெற்றவனின் நூல் வாசகனைச் சென்று சேரவேண்டும், முதுமையில் அவன் மருத்துவத்திற்கு அலையக்கூடாது என்னும் எண்ணம் அதில் உள்ளது. ஆயினும் மலாய்மொழிப் படைப்புகளுக்கே அது உரியது. தமிழில் எழுதுவோன் எத்துணை உயர்ந்தவனாயினும் அவ்வாயிலின் புறத்தே நிற்கிறான். அவனுக்கு எழுத்தாளர் சங்கமும் அறவாரியமும் செய்வதே அரசு செய்வதாகும்.

சிங்கப்பூரின் நிலை வேறு. நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்றாதலின், 1979இல் தோன்றிய கலாசாரப் பதக்கம் தமிழ் எழுத்தாளர்க்கும் கிட்டியது. இராம. கண்ணபிரான், மா. இளங்கண்ணன், புதுமைதாசன் எனப்படும் பி. கிருஷ்ணன், ஜே.எம். சாலி, க.து.மு. இக்பால் முதலியோர் அதனைப் பெற்றுள்ளனர். 1992இல் தொடங்கிய சிங்கப்பூர் இலக்கியப் பரிசு, 2004 முதல் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளுக்கும் வழங்கப்படுகிறது.

இவ்வேற்றுமை ஓர் உண்மையை விளக்குகிறது. அரசின் கை நீளும் இடத்தில் எழுத்தாளனுக்கு மதிப்பும் பொருளும் சற்று எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால், வாசகனை அரசினால் உண்டாக்க இயலாது. பதக்கம் பெற்ற எழுத்தாளரின் நூலையும் படிப்பதற்கு ஆள் வேண்டும். அவ்வகையில் ஜொகூர் பாலத்தின் இருபுறமும் தமிழ் எழுத்தாளனின் கவலை ஒன்றே.

கொடையும் உரிமையும்

சங்க காலத்தில் அச்சில்லை. பாட்டுக்குப் பரிசில் புரவலனின் விருப்பத்தைப் பொறுத்தே அமைந்தது. இக்காலத்தில் எழுத்து சட்டத்தினால் காக்கப்படும் உடைமை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், எழுத்தாளனின் வாழ்நாளிலும் அவன் மறைந்தபின் 50 ஆண்டுகளும் அவன் படைப்புக்கு உரிமை அளிக்கிறது. ஆசிரியர் பெயரைக் காட்டாமல் அவன் படைப்பை வெளியிடுதலையும், அவன் மதிப்புக்கு இழுக்கு நேருமாறு அதனைத் திரித்தலையும் எதிர்க்கும் உரிமையும் அச்சட்டத்தில் உண்டு. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் படைப்பாளி தன் பெயரால் அறியப்படும் உரிமையை வலியுறுத்துகிறது.

வேறு சில நாடுகள் இன்னும் ஒருபடி முன்னே சென்றுள்ளன. பொது நூலகத்தில் ஒரு நூல் பலரால் இலவசமாகப் படிக்கப்படும்போது எழுத்தாளனுக்கு விற்பனை குறைகிறதன்றோ? அதற்கு ஈடாக அரசே ஒரு தொகை வழங்கும் முறையை டென்மார்க் 1946இல் முதன்முதல் மேற்கொண்டது. பிரிட்டன் 1979இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. அங்கே நூல் எத்தனை முறை இரவல் கொடுக்கப்பட்டது என்பதைக் கொண்டு தொகை கணக்கிடப்படுகிறது. படிக்கப்பட்டமைக்கே ஊதியம் என்பது இதன் கருத்து. அறிந்து கொடுத்தலுக்கு இதனினும் தெளிவான வடிவம் ஏது?

கொடைக்கும் உரிமைக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. கொடை பெறுபவன் நன்றி கூறித் தலைகுனிகிறான். உரிமை பெறுபவன் கையொப்பமிட்டு நிமிர்ந்து நிற்கிறான். நூறு வெள்ளிக் கொடையைவிடப் பத்து வெள்ளி உரிமத்தொகை எழுத்தாளனை உயர்த்துவது இதனாலேயே.

சாரங்கனின் கதை

மலேசியத் தமிழ் எழுத்தோடு நெருங்கிய தொடர்புடையவர் கு. அழகிரிசாமி. 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் தமிழ் நேசனில் பணியாற்றியவர்; இந்நாட்டு எழுத்தாளர்க்கு இலக்கியச் சுவையுணர்வை ஊட்டியவர். அவருடைய 'அன்பளிப்பு' தொகுதிக்கு 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அவ்வாண்டு ஜூலையிலேயே அவர் மறைந்துவிட்டார்.

அத்தொகுதியின் தலைப்புக்கதையைத் தமிழாசிரியர் அனைவரும் படித்திருத்தல் வேண்டும். புத்தகப் பித்துள்ள ஒருவர் தம்மிடம் பழகும் சிறுவர்களுள் இருவர்க்கு நாட்குறிப்பேடு பரிசளிக்கிறார். சாரங்கன் என்னும் சிறுவனுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. அவன் அழவில்லை, கேட்கவுமில்லை. பின்னொருநாள் அவரைத் தன் வீட்டுக்கு வருந்தி அழைக்கிறான். தானே வைத்திருந்த குறிப்பேடு ஒன்றை எடுத்து அவர்முன் நீட்டி, அதில் தன் பெயர் குறித்து அன்பளிப்பு என்று எழுதித் தருமாறு கேட்கிறான்.

அச்சிறுவனுக்கு வேண்டியிருந்தது தாளும் அட்டையும் அல்ல. அது அவனிடமே இருந்தது. தன்னையும் ஒருவராக அவர் எண்ணினார் என்பதற்கு அடையாளமாக அவ்வெழுத்தே அவனுக்கு வேண்டியிருந்தது. தன் பொருளைத் தானே கொடுத்து, பிறர் கையால் அதனை அன்பளிப்பாகப் பெற்றுக்கொள்ளும் அவ்வேளை நெஞ்சை உருக்குவது. தன் செலவில் நூலச்சிட்டு, தன் செலவில் மண்டபம் எடுத்து, தன் செலவிலேயே பொன்னாடையும் வாங்கி ஏற்பாட்டாளரிடம் கொடுத்துவைத்து, பின் மேடையில் அதனைத் தன் தோளிற் பெற்றுக்கொள்ளும் எழுத்தாளனைக் கண்டவர்க்குச் சாரங்கனின் நினைவு வாராதிருக்குமோ? அவனைக் கண்டு நகைப்பவர்கள் அக்கதையை மீண்டும் ஒருமுறை படித்தல் நலம். குறை சாரங்கனிடம் இல்லை. அவனை மறந்துபோன கையிடத்தே உள்ளது.

ஆசிரியர் கடன்

மாற்றம் எங்கே தொடங்கவேண்டும் என்பது இறுதி வினா. அரசை வேண்டுதலும் ஏடுகளை வற்புறுத்தலும் சங்கங்களின் பணி. ஆனால், எவர் இசைவுக்கும் காத்திராமல் நாளைக் காலையே தொடங்கக்கூடிய ஓரிடம் உண்டு. அது பள்ளிக்கூடம்.

மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒரு தமிழ் நூல் அச்சிடப்படும் படிகளும் பெரும்பாலும் அவ்வளவே. பள்ளிக்கு ஒரு படி வாங்கினாலே ஒரு பதிப்பு விற்றுத் தீர்ந்துவிடும். நூல் 20 வெள்ளி எனக் கொண்டால், 500 படிகளுக்கு 10,000 வெள்ளி. பதிப்பகம் ஒன்று பத்து விழுக்காடு உரிமத்தொகை கொடுப்பதாயின், எழுத்தாளனுக்கு 1,000 வெள்ளி கிடைக்கும். ஆண்டுக்குப் பத்து நூல்களைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பள்ளிக்கு ஆகும் செலவு 200 வெள்ளி. பரிசளிப்பு விழாவில் வழங்கும் கண்ணாடிக் கிண்ணங்களுள் சிலவற்றைக் குறைத்தால் போதும். எல்லா நூல்களும் தொடக்கப்பள்ளி மாணவர்க்கு ஏற்றவை அல்ல என்பது உண்மையே. மாணவர்க்கு ஏற்றவை மாணவர் நூலகத்திற்கும், ஏனையவை ஆசிரியர் அறைக்கும் செல்லட்டும். ஆசிரியர் படியாத நூலை மாணவன் படிப்பான் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

இதனினும் எளியது ஒன்றுண்டு. அதற்கு ஒரு காசும் செலவில்லை. வகுப்பில் படிக்கும் ஒவ்வொரு கதைக்கும் கவிதைக்கும் எழுதியவர் பெயரைச் சொல்லுதலே அது. வினாத்தாளின் அடியில் பெயர் இருக்கட்டும். ஒப்புவிக்கும் மாணவன் தன் பெயருக்கு முன் கவிஞர் பெயரைச் சொல்லட்டும். புலனத்தில் வரும் பெயரற்ற பாடலை மேலும் பரப்புமுன், இது யார் எழுதியது என்று ஒருமுறை கேட்கட்டும். கதையைப் படித்து முடித்த மாணவர்கள் அக்கதையாசிரியர்க்கு ஒரு மடல் எழுதட்டும். கடிதம் எழுதுதல் பாடத்திட்டத்தில் உள்ளதுதானே? கற்பனை மாமாவுக்கு எழுதும் கடிதத்தை உண்மையான எழுத்தாளர் ஒருவர்க்கு எழுதினால் மொழிப்பயிற்சியும் கிட்டும். எங்கோ ஒரு தாமானில் தனித்திருக்கும் முதிய எழுத்தாளரின் வீட்டு வாயிலில் அஞ்சற்காரர் நிற்பார்.

பெயரைச் சொல்லப் பழகியவன் நூலைத் தேடுவான். நூலைத் தேடியவன் விலை கொடுத்து வாங்குவான். விலை கொடுத்து வாங்குவோர் பெருகினால் பதிப்பாளன் தோன்றுவான். உரிமத்தொகை தானே வரும். அறிதல் முன், கொடுத்தல் பின் என்று பெருஞ்சித்திரனார் வகுத்த வரிசையும் இதுவே. தினையளவே கொடுப்பினும் அறிந்து கொடுக்கும் சமுதாயம் தன் புலவனை இழப்பதில்லை. அப்பழக்கத்தின் முதற்பாடம் தமிழாசிரியர் கையில் உள்ளது.